சீசன் என்று சொல்லக் கூடாத வார்டு

சாத்தூர் தேவாசீர்வாதம் வாத்தியாருக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தது ஹெப்சிபா, இளையது டென்னிஸ். வாத்தியார் கட்டிய பாக்கியவதி எம். புதுப்பட்டிப் பெண். அவளோடு பிறந்தவர்கள், அவர்களுக்குப் பிறந்தவர்கள் என்று எடுத்துப் பார்த்தால் பாதிப்பேர் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர்கள், மீதிப்பேர் தீப்பெட்டி ஒட்டியவர்கள். அந்த வம்சத்தில் நர்ஸ் வேலைக்கென்று வெள்ளை உடுத்திய முதல் பெண் ஹெப்சிபாதான். அவளைக் கட்டிய சாலமன்ராஜ் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் பைண்டிங் பார்க்கிறவர். “எங்க பிரஸ்ஸுல தேதி தப்பா அச்சாகும், எங்க வீட்டம்மா வாயில தப்பா ஒண்ணும் வராது” என்று கேலியும் பெருமையுமாகச் சொல்லிக்கொள்வார்.

சிவகாசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்கு ஹெப்சிபா இன்சார்ஜ் சிஸ்டர். வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷத்தை நெருங்குகிறது. வெடித்த கம்பெனியிலிருந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு வருகிற நாளில் பெரிய டாக்டர்கூட முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார். ஆனால் ஊருக்குள் அவள் பெயர் அடிபடுவது அதனால் அல்ல. நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து வார்டுக்கு அனுப்பி வேலை பழக்குவார்கள். போஸ்டிங் என்று அதற்குப் பெயர். போஸ்டிங் முடியும்போது, இந்தப் பிள்ளை நோயாளியைத் தொட லாயக்கா இல்லையா என்று மதிப்புப் போட வேண்டியது வார்டு சிஸ்டர். ஹெப்சிபாவிடம் தேறிவிட்டு வந்தவள் என்றால் மதுரை ஆஸ்பத்திரிகளில் மறுகேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு பேர்.

மதிப்பில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று கைவேலை. ஊசி போடுவது, கட்டுப் பிரிப்பது, சலைன் ஏற்றுவது. இன்னொன்று நடத்தை. கைவேலையைக் கிட்டே நின்று பார்ப்பாள். நடத்தைக்குக் கிட்டேயே போகமாட்டாள். வார்டின் கடைசி மேஜையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு துணி மடித்துக்கொண்டிருப்பாள். “நான் பாத்துக்கிட்டு இருந்தேன்னா எல்லாப் பிள்ளையும் தேவதையா நடக்கும். காதைத்தான் நம்பணும்” என்பாள்.

அந்த வார்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சுவரில் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் முதல் நாளே வாயால் சொல்லிவிடுவாள். நோயாளியிடம் சீசன் என்ற சொல்லை எடுக்கக் கூடாது.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் காலக்கணக்கே சீசன்தான். கலியாணம் வைத்தால் சீசன் முடிந்து, வீட்டுக்குக் கூரை மாற்றினால் சீசன் முடிந்து, இருக்கன்குடிக் கோயிலுக்கு நேர்ந்த கிடாயை வெட்டினால் அதுவும் சீசனுக்கு அப்புறம். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் கம்பெனிகளில் ஆர்டர் குவியும்போது கை காலோடு இருக்கிறவன் வீட்டில் உட்கார மாட்டான். அதனால் யாராவது படுத்துவிட்டால் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே ஆறுதலைத்தான் சொல்வார்கள். “கவலப்படாதீக, சீசனுக்குள்ள எந்திரிச்சிருவீக.” காய்ச்சலில் படுத்தவனுக்கு அது சரி. தீயில் வெந்த கைக்கு அப்படி வாக்குக் கொடுக்க யாராலும் முடியாது. சொந்தக்காரர்கள் சொன்னால் நோயாளி பாதி நம்புவான். வெள்ளை உடுத்தியவள் சொன்னால் முழுக்க நம்புவான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ராஜபாளையத்துப் பிள்ளை பிரீத்திகா அந்தச் சொல்லை ஒரு நோயாளியிடம் சொல்லிவிட்டாள். கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. இருந்தும் நடத்தையில் தேறவில்லை என்று ஹெப்சிபா போட்டு, மறுபடி போஸ்டிங் நிற்க வைத்தாள். பிரீத்திகாவின் அம்மா வார்டு வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனாள்.

இந்த வருஷம் வந்த பிள்ளைகளில் ஷைலாவும் ஒருத்தி. டென்னிஸின் மகள். டென்னிஸ் விருதுநகரில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். ஷைலாவுக்குப் பள்ளிக்கூட லீவு விட்டால் அத்தை வீடுதான். பைண்டிங் கத்தி பட்டு சாலமன்ராஜ் விரலை வெட்டிக்கொண்டு வந்த ஒரு நாளில், எட்டு வயசுப் பிள்ளை முகம் சுளிக்காமல் கட்டுப்போட்டதைப் பார்த்துத்தான் “இவ நர்ஸுக்குத்தான் போவா” என்று ஹெப்சிபா சொன்னாள். டென்னிஸ் இன்ஜினியரிங் என்று நின்றபோது சண்டை போட்டுச் சேர்த்துவிட்டவளும் அவளே.

வார்டுக்குள் அத்தை இல்லை, சிஸ்டர்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஷைலாவும் தலையை ஆட்டினாள். பிள்ளைக்குக் கை அப்படி ஒரு கை. வெந்த தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மற்றப் பிள்ளைகள் உரித்தால் வார்டே அலறும். ஷைலா தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்தால் நோயாளி பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். கடைசி மேஜையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஹெப்சிபாவுக்கு அந்தச் சத்தமில்லாத சத்தத்தைக் கேட்கக் கேட்க உள்ளம் குளிர்ந்துபோகும். வெளியே காட்ட மாட்டாள்.

அந்தச் சமயம் வார்டில் முனியராஜ் என்ற ஆள் கிடந்தார். பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிறவர், நாற்பதைத் தாண்டியவர். வலது கையின் புறம் முழுக்க வெந்துபோய், தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டின தோல் பிடிக்கிறவரை விரல் மடங்காதபடி பட்டை வைத்துக் கட்டியிருந்தது. அவருடைய மனைவி பத்திரகாளி கட்டில் பக்கத்திலேயே கிடப்பாள்.

ஒருநாள் காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பார்த்தால் முனியராஜின் பட்டை அவிழ்ந்து கிடக்கிறது. ஒட்டின தோல் இரண்டு விரலில் வழுகி, சுருண்டு, கறுத்துப்போயிருந்தது.

“யாரு அவுத்தது?” என்றார் டாக்டர்.

முனியராஜ் சுவரைப் பார்த்தார். பத்திரகாளிக்குத்தான் வாய் நிற்காதே.

“அவுகதான் சாமி அவுத்தாக. சின்ன சிஸ்டரு சொல்லிச்சில்ல, சீசனுக்குள்ள வேலைக்குப் போயிரலாம்னு. அதான் வெரலு மடங்குதா, மருந்து செலுத்த வருதான்னு நேத்து சாயங்காலம் கொஞ்சம் ஒத்திகை பாத்தாக.” ஷைலா பக்கம் திரும்பி முகமெல்லாம் மலர்ந்தாள். “இந்தப் பாப்பாதான் சாமி. நல்ல மனசு. இது சொன்னதுக்கப்புறந்தான் மனுசன் ஒழுங்கா சோறு தின்னாரு.”

ஷைலா மருந்துத் தட்டோடு கட்டில் பக்கத்தில் நின்றாள்.

“சொன்னியா?” என்று ஹெப்சிபா கேட்டாள்.

“ஆறுதலுக்குத்தான் சிஸ்டர் சொன்னேன். அவுங்க அழுதுக்கிட்டே இருந்தாங்க.”

“சரி. தட்டைக் கீழ வையி.”

முனியராஜை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துப்போய், இரண்டு விரலுக்கும் புதுசாகத் தோல் ஒட்ட வேண்டியதாயிற்று.

போஸ்டிங் முடிந்த நாளில் ஹெப்சிபா மதிப்புப் போட்டாள். ஷைலாவுக்குக் கைவேலையில் அந்த வருஷத்துப் பிள்ளைகளிலேயே முதல் இடம். நடத்தையில் தேறவில்லை.

கல்லூரியிலிருந்து மகேஷ்குமார் சார் ஓடி வந்தார். பிள்ளைகளைப் போஸ்டிங்குக்குக் கூட்டிவருகிற வாத்தியார் அவர், சின்ன வயசு, நல்ல மனுசர்.

“சிஸ்டர், ஒரே ஒரு வார்த்தை. வாய்தவறிச் சொல்லிருச்சு. அதுக்குப் போயா?”

“வாய்தவறல சார். யோசிச்சுத்தான் சொல்லியிருக்கா. அவரு முகத்துல ஒரு சிரிப்பப் பாக்கணும்னு சொல்லியிருக்கா.”

“நல்ல மனசுதானே சிஸ்டர் அது?”

“நல்ல மனசுதான். அதுக்கு அந்த ஆளு ரெண்டு வெரலுத் தோலு குடுத்திருக்காரு.”

மகேஷ்குமார் கொஞ்சம் தயங்கினார். “சொந்தக்காரப் பிள்ளைங்கிறதால நீங்க கூடுதலாக் கண்டிக்கிறீகளோன்னு பசங்க பேசுறாங்க.”

அந்த முள் அவளுக்குள் ஏற்கெனவே தைத்துத்தான் இருந்தது. தம்பி மகள் என்பதால் கையை ஓங்குகிறோமா என்று தன்னையே எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் பிரீத்திகாவின் அம்மா அழுத முகம் வந்து நின்றது. ஒன்றும் கெட்டுப்போகாத இடத்தில் அந்தப் பிள்ளையை நிறுத்திவிட்டு, இரண்டு விரல் கெட்டுப்போன இடத்தில் தன் வீட்டுப் பிள்ளையை விடுவதா?

“கூடுதலும் இல்ல, கொறச்சலும் இல்ல சார். மறுபடி இந்த வார்டுலயே நிக்கட்டும். ஆனா மறு தடவ மதிப்பு நான் போட மாட்டேன். பாண்டிலட்சுமி சிஸ்டர் இங்க வந்து போடட்டும்.”

பாண்டிலட்சுமி பக்கத்துப் பெண்கள் வார்டின் சிஸ்டர். இந்த இரண்டு பேருக்கும் யார் கறார் என்பதில் வருஷக்கணக்காகப் போட்டி. பாண்டிலட்சுமி மதிப்புப் போடுகிறாள் என்று கேட்டதும் மகேஷ்குமார் தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டாவது தடவையும் தேறாவிட்டால் ஷைலாவுக்கு ஒரு வருஷம் போய்விடும். டென்னிஸின் குணத்துக்கு, படிப்பை அத்தோடு நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவான். ஹெப்சிபாவுக்கு அது தெரியாததல்ல.

மூன்றாம் நாள் டென்னிஸ் பஸ் ஏறி அக்கா வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏக்கா, ஒனக்கு நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருக்கா? ஊருப் பிள்ளைகளெல்லாம் பாஸு, எம்மவ மட்டும் பெயிலா?”

“பெயில் இல்லலே. மறுபடி நிக்கணும், அம்புட்டுத்தான்.”

“என் ஆபீஸுல லோடு ஏத்துறவன்கூடக் கேக்கான், ஒங்கக்கா வார்டுலயாய்யா பெயிலுன்னு. நான் என்ன பதில் சொல்ல?”

“எங்கக்கா வார்டுலதான்னு சொல்லு.”

“அவ ரெண்டு நாளாச் சாப்பிடலக்கா. படிப்பே வேண்டாம்ங்கிறா. நீதான சேத்துவிட்ட?”

அது மட்டும் ஹெப்சிபாவைத் தைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலை நுனியைச் சரிசெய்தாள். “சேத்துவிட்டது நர்ஸாக்குறதுக்கு. வெள்ளச் சட்ட போட்டு அழகு பாக்குறதுக்கு இல்ல.”

“இனி ஒன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்.”

“மிதிக்காட்டி என்னய்யா, பின்பக்கமா வாரது?” என்று சாலமன்ராஜ் சிரிக்கவைக்கப் பார்த்தார். டென்னிஸ் சிரிக்கவில்லை. போய்விட்டான். அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தாலும் தம்பி வேறு பெஞ்சில்தான் உட்கார்ந்தான்.

ஷைலா மட்டும் வந்தாள். போஸ்டிங் தொடங்குகிற காலையில் கஞ்சி போட்ட சட்டையோடு வார்டு வாசலில் நின்றாள். முகம் வாடியிருந்தது, ஆனால் தலை குனியவில்லை. “குட் மார்னிங் சிஸ்டர்” என்றதோடு சரி. ஹெப்சிபாவும் “ம்” என்றதோடு சரி. அன்று ராத்திரி சோறு பிசையும்போது, “வந்துட்டா” என்று புருஷனிடம் சொன்னாள். இரண்டாவது தடவையும் “வந்துட்டால்ல” என்றாள். சாலமன்ராஜ் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

பாண்டிலட்சுமி சொன்னபடியே கறாராக இருந்தாள். நகம் பார்த்தாள், கொண்டை பார்த்தாள், ஷூ பார்த்தாள். ஷைலாவை எந்த நோயாளியிடம் விடுவது என்று வந்தபோது, முனியராஜ் கட்டிலைக் காட்டினாள்.

“அங்கனயே நில்லு.”

முனியராஜ் அவளோடு முன்னைப்போலவே பிரியமாகத்தான் பேசினார். தன் விரல் கெட்டதற்கும் இந்தப் பிள்ளை சொன்னதற்கும் முடிச்சுப் போட அவருக்குத் தோன்றவே இல்லை. ஷைலாவுக்கு அதுதான் பெரிய பாரமாக இருந்திருக்கும். கட்டுப் பிரிப்பாள், மருந்து வைப்பாள், கட்டுவாள். தேவைக்குமேல் ஒரு சொல் பேசவில்லை.

புரட்டாசி பிறந்து கம்பெனிகளில் வேலை கொதித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் முனியராஜின் போர்மேன் போன் போட்டார். பத்திரகாளி போனை அவர் காதில் வைத்துப் பிடித்தாள். “வந்துருவேன்ணாச்சி, ஆளு போட்ராதீக” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார் முனியராஜ். போனை வைத்ததும் ஷைலாவைப் பார்த்தார். பாண்டிலட்சுமி கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

“பாப்பா, நீயே சொல்லு. நீ சொன்னாத்தான் எனக்கு நம்பிக்க. இந்தச் சீசனுக்குள்ள போயிருவேன்ல?”

பத்திரகாளி ஷைலாவைப் பார்த்த பார்வை, ஆமா என்று ஒரு சொல் சொல்லிவிடம்மா என்று கெஞ்சியது. கடைசி மேஜையில் ஹெப்சிபா மடித்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றது. எழுந்து போய்த் தானே பதில் சொல்லிவிடலாமா என்று கால் பரபரத்தது. போனால் அது தன் பதில், பிள்ளையின் பதில் ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷைலா ஸ்டூலை இழுத்துப் போட்டு, முனியராஜின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

“இல்லண்ணே. போக முடியாது.”

“என்ன பாப்பா?”

“இந்தச் சீசனுக்கு முடியாதுண்ணே. அடுத்த சீசனுக்கு முடியுமான்னு எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் இப்பத் தெரியாது. தெரியாததத் தெரியும்னு சொல்ல மாட்டேன்.”

முனியராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. “அன்னைக்கு ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா? என்ன வெளாட்டா இருக்கா ஒனக்கு? ஒங்களுக்கெல்லாம் மாசாமாசம் சம்பளம் வந்துரும். எனக்குச் சீசன் போனா என்னடி இருக்கு?”

பாண்டிலட்சுமி ஒரு அடி முன்னால் வைத்தாள். ஷைலா கையைக் காட்டி வேண்டாம் என்றாள்.

“அன்னைக்குச் சொன்னது தப்புண்ணே. ஒங்க வெரலு ரெண்டும் மறுபடி தியேட்டருக்குப் போனதுக்கு நான்தான் காரணம். நான் சொன்னத நம்பித்தான் கட்ட அவுத்தீக. திட்டணும்னா திட்டுங்க. நான் எங்கயும் போகல.”

அவர் திட்டினார். பிறந்த ஊர், பெற்றவர்கள், படித்த பள்ளிக்கூடம் என்று ஒன்றையும் விடவில்லை. ஷைலாவின் கண்ணில் தண்ணீர் நின்றது, கீழே விழவில்லை. ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. கடைசியில் அவருக்குத்தான் மூச்சு வாங்கிற்று.

“அப்ப நான் என்னதான் செய்ய?” என்றார், குழந்தை கேட்கிற மாதிரி.

“இப்ப ஒண்ணுதான்ணே. டாக்டர் சொல்லுறவர இந்தக் கட்டு அசையக் கூடாது. அதுக்கப்புறம் தெனமும் வெரல மடக்கி நீட்டணும், வலிக்கும், அழுவீக. நான் இங்கன இருக்குற நாள்ல கூட நிப்பேன். போர்மேன்கிட்ட வருவேன்னு சொன்னீகள்ல, அதைத் திருப்பிச் சொல்லிருங்க. அவுகளும் ஆளு பாக்கணும்ல?”

பிறகு பத்திரகாளி போனை எடுத்தாள். முனியராஜ் கண்ணை மூடிக்கொண்டு, “போடு” என்றார்.

ஹெப்சிபா துணிக்கட்டை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபத்தைந்து வருஷமாக வருகிற பிள்ளைகளைப் பார்த்தவள். தன் வேலைக்காலத்தில் தானே அவ்வளவு நேராக ஒரு நோயாளியிடம் பேசியிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தாள். பேசியிருக்கிறாள், ஆனால் முதலில் தன் தப்பைச் சொல்லிவிட்டுப் பேசியதில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

போஸ்டிங் முடிகிற நாளில் பாண்டிலட்சுமி ஹெப்சிபாவின் மேஜைக்கு வந்தாள்.

“ஒங்க தம்பி மக தேறிட்டா. ரெண்டுலயும்.”

“அப்படியா?” என்றாள் ஹெப்சிபா, ஒன்றும் தெரியாதவள் போல.

“ஆனா ஒண்ணு. வார்டுல ஸ்டூல இழுத்துப்போட்டு உக்காந்துட்டா. ட்யூட்டில உக்காரக் கூடாதுல்ல? அதுக்குக் கொஞ்சம் மார்க்கக் கொறச்சிருக்கேன்.”

ஹெப்சிபாவுக்கு வந்த சிரிப்பில் நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். “கொறச்சுக்க தாயி. தாராளமாக் கொறச்சுக்க. நீதான் கறாரு, ஒத்துக்கிட்டேன்.”

“இத எழுதிக் குடுங்க” என்றாள் பாண்டிலட்சுமி. அவளும் சிரித்துக்கொண்டேதான் போனாள்.

சாயங்காலம் டென்னிஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். மகளைக் கூட்டிப்போக வந்தானாம். கையில் விருதுநகர் எண்ணெய் பரோட்டா பார்சல், நாலு பேர் சாப்பிடுகிற அளவுக்கு. ஹெப்சிபா வெளியே வந்து மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் மறுமுனையில் உட்கார்ந்தான்.

“மகேஷ்குமார் சார் போன்ல சொன்னாரு” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

“மார்க்குத்தான சொல்லியிருப்பாரு. என்ன நடந்துச்சுன்னு அவருக்கு என்ன தெரியும்? நான் சொல்லுதேன், கேளு.”

ஸ்டூலை இழுத்ததிலிருந்து தொடங்கினாள். ஷைலா சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவள் குரலிலேயே சொன்னாள். முனியராஜ் திட்டியதையும் விடாமல் சொன்னாள், பெற்றவனைத் திட்டிய இடத்தில் குரலைக் கொஞ்சம் கூட்டியே சொன்னாள். டென்னிஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“எம்மவளாக்கா அப்படிப் பேசுனா? வீட்டுல ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டாளே.”

“ஒம்மவதான். ஆனா பேச்சு எங்க வார்டுப் பேச்சுலே.”

“அதெப்படி? வளத்தது நாங்கல்ல?”

“லீவுல வளத்தது யாரு?”

இரண்டு பேரும் அதையே பிடித்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தபோது ஷைலா படியிறங்கி வந்தாள். அப்பாவையும் அத்தையையும் ஒரே பெஞ்சில் பார்த்ததும் நடை நின்றது.

“வா தாயி” என்றாள் ஹெப்சிபா. “ஒங்கப்பன் ஒன்னய எங்க கைல இருந்து பறிச்சுட்டுப் போக வந்திருக்கான்.”

“நான் இன்னும் கெளம்பல அத்த. டாக்டர் கட்டப் பிரிக்கச் சொல்லிட்டாருல்ல, முனியராஜ் அண்ணனுக்கு வெரலு மடக்குற நேரம். முடிச்சுட்டு வாரேன்.”

“போஸ்டிங் முடிஞ்சுபோச்சேம்மா?” என்றான் டென்னிஸ்.

“இங்கன இருக்குறவர கூட நிப்பேன்னு சொல்லியிருக்கேன்ப்பா. இன்னும் இங்கனதான இருக்கேன்?”

திரும்பிப் படியேறிப் போய்விட்டாள். டென்னிஸ் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பார்சலைப் பிரித்து அக்காவின் பக்கமாகத் தள்ளினான். “சாப்பிடுக்கா. ஆறிப்போகுது. அவ வர நேரமாகும்.”